மணவறை வரைக்கும் மூச்சு

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் மணவறைக்குத் தானாக நடந்து வருவதில்லை. தாய்மாமன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வர வேண்டும். கூட்டம் வழிவிடும், மேளக்காரர்கள் கெட்டியாக வாசிப்பார்கள், மாமன் மணவறையைச் சுற்றி வந்து பெண்ணை மணையில் உட்கார வைப்பான். பெண் கனமாக இருந்தால் கூட்டம் சிரிக்கும். மாமன் நோஞ்சானாக இருந்தால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். பார்க்கப் போனால் சின்ன வேலைதான். ஆனால் என் அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அக்காவுக்கு இருப்பதும் ஒரே மகள். அந்த வேலை அவள் பிறந்த அன்றே எனக்கு எழுதப்பட்டது.

அவளுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவானபோது என்னால் போர் வண்டியின் ஏணியில் நிற்காமல் ஏற முடியவில்லை.

போர் வண்டி என்பது ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. எங்கள் பக்கத்து வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன. நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைத்தேன், கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டினேன், திருப்பூரில் சாயத் தொட்டியில் நின்றேன். எதிலும் தங்கவில்லை. ஒரே சுவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். போர் வண்டியில் சுவரே இல்லை. இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேறு மாநிலம். லாரிக்கு அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்தால் அதுதான் வீடு. அதனால் அங்கே தங்கிவிட்டேன்.

வேலை முழுக்கத் தூசிதான். சுத்தியல் பாறையை உடைக்கும், கம்ப்ரசர் காற்று அந்தத் தூளைக் குழியிலிருந்து மேலே தள்ளும். வெள்ளைப் புகை போல எழும்பி எங்கள் தலை, புருவம், சோறு எல்லாவற்றிலும் இறங்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வோம். வேர்த்து ஒழுகினால் அவிழ்த்துவிடுவோம். மாவு மில்லில் இருந்து வந்தவன் மாதிரி இருப்போம். ராத்திரி இருமினால் பல்லில் மணல் நெறிபடும்.

தோண்டி முடித்ததும் ஃப்ளஷிங் என்று ஒன்று செய்வோம். குழிக்குள் கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் விட்டால் அடியில் தங்கிய சேறும் தூளும் குபுகுபுவென்று வெளியே கொட்டும். கடைசியில் தெளிந்த தண்ணீர் வரும். தோட்டக்காரர் கும்பிடு போட்டுத் தேங்காய் உடைப்பார். எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத காட்சி அது.

எங்கள் வண்டி ஆபரேட்டர் ஒரு வடக்கத்தி ஊரில் டீசல் போட நிறுத்திய இடத்தில் ஒரு வேப், அதாவது பேட்டரியில் ஓடுகிற சிகரெட், வாங்கி வந்தார். விற்கத் தடை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்டால் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். விரல் நீளத்தில் நீல நிறம், புதினா வாசம்.

"பீடியத் தூக்கி எறிங்கடா. அது பொகை, இது ஆவி," என்றார். "போருக்கு ஃப்ளஷிங் பண்றோமில்ல, அதே கணக்குத்தான். ஆவி உள்ள போயித் தூசிய அள்ளீட்டு வந்துரும்."

உறிஞ்சிப் பார்த்தேன். நெஞ்சு முழுக்கக் குளிர்ந்தது. அடைத்த குழாய் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் வந்து சாம்பல் நிறத்தில் சளி விழுந்தது. ஆபரேட்டர் அதைப் பார்த்து, "பாத்தியா, சேறு வருது," என்றார். நாங்கள் அதை நம்பினோம். வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தினமும் பூமிக்குள் காற்றை விட்டுச் சேற்றை எடுக்கிறவர்களுக்கு அது கண்ணால் கண்ட உண்மை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழி முடிந்ததும் வண்டிக்கு ஒரு ஃப்ளஷிங், எங்களுக்கு ஒரு ஃப்ளஷிங்.

ஆபரேட்டரிடம் மாத்திரைகளும் இருந்தன. கண் மூடாமல் வண்டி ஓட்ட ஒன்று, ஓட்டி முடித்துப் படுக்க வேறொன்று. சீசன் நேரத்தில் நானும் அதில் பங்கு வாங்கியதுண்டு. எங்காவது கஞ்சா கிடைத்தால் அதுவும். ஒருநாள் கரிசல் காட்டில் நல்ல வெயிலில் அவர் லீவரை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "நெஞ்சுக்குள்ள ஆரோ ஓடறாப்பல இருக்குது," என்றார். சட்டைக்கு மேலேயே அந்தத் துடிப்பு தெரிந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் பையில் இருந்த மாத்திரை அட்டைகளை டாக்டர் கேட்டு வாங்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஒன்று இதயத்தை விரட்டுகிறது, ஒன்று மூச்சை அமுக்குகிறது, இரண்டுக்கும் நடுவில் இவர் எத்தனை நாள் ஓடினாரோ என்று இந்தியில் சொன்னார். ஆபரேட்டர் எழுந்திருக்கவில்லை. நாற்பது கூட ஆகவில்லை அவருக்கு. உடலை ஊருக்கு அனுப்பினோம். என்னைவிடச் சின்னவன் ஒருவன் ஆபரேட்டராக வந்தான். மாத்திரையை நான் அன்றோடு விட்டுவிட்டேன். வேப்பை விடவில்லை. அது மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

இந்த நிலையில்தான் நிச்சயத்துக்கு ஊருக்கு வந்தேன்.

அக்கா வீடு காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு எங்கள் ஆட்கள் மட்டும் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. வெள்ளைக்காரனிடமே பேரம் பேசுகிறவள்.

"ஏனுங் மாமா, தையில நீங்க என்னயத் தூக்குவீங்களா, இல்ல நா உங்களைத் தூக்கோணுங்களா?"

"கேசிங் பைப்பத் தூக்கறவன்டா கண்ணு நானு. நீ எந்த மூலைக்கு?"

"கேசிங் பைப்பு பரோட்டா திங்காதுங் மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியே குனிந்து தூக்கினேன். தூக்குவது பெரிதாக இல்லை, கைக்குப் பழக்கம்தான். வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பலாம் என்று நடந்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. மூச்சை இழுக்கிறேன், உள்ளே எதுவும் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் பேட்டரி தீர்ந்த டார்ச் மாதிரி வெளிச்சம் மங்கியது. அவளை எப்படியோ கால் ஊன்றி நிற்க வைத்துவிட்டு நான் பந்தல் கால் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"மாமனுக்கு டீசல் தீந்துபோச்சு," என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

அன்னூரிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கை ஒவ்வொன்றும் உலக்கை. "உடு தம்பி. நானும் மாமன் மொறதான? நித்தம் தீவன மூட்டை தூக்கறவன். தையில நானே தூக்கிப்போடறேன்."

"ஏனுங், அப்பப் பொண்ணு தீவன மூட்டைங்களா?" என்று அவர் சம்சாரமே கேட்க, பந்தல் அதிர்ந்தது.

அக்கா மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்து கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னங் மாமா, பென் டிரைவுங்களா?"

மூச்சு இருந்தால்தானே பேச. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். "எங்க கம்பெனிப் பசங்க டாய்லெட்டுல ஒளிஞ்சுக்கிட்டு உறிஞ்சறது இதத்தான். அவிங்க சின்னப் பசங்க. உங்களுக்கு என்னங் வந்துச்சு?" கேட்டுவிட்டுத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "திங்கக்கெழமை கோயமுத்தூர் போறோமுங். நா லீவு சொல்லிப்போட்டேன்."

அன்று மாலை அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "தம்பி, உன்ற ஒடம்புதான் முக்கியம். அன்னூர் அண்ணங்கிட்டயே சொல்லிப்போடறனே. ஆரு தூக்குனா என்ன?"

ஆரு தூக்கினால் என்ன என்று அவள் சொன்னாலும் குரல் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை. ஆனால் உலகத்தில் நான் மட்டுமே செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் பந்தியில் உட்கார முடியாது.

"பொங்கல் வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லாதக்கா. அதுக்குள்ள என்னால முடியலீன்னா நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிப்போடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த டாக்டர் இளம் வயதுப் பெண். முதலில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். நர்ஸ் பக்கத்தில் நின்று, "ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க," என்று கபடி ஆட்டத்துக்குக் கத்துகிற மாதிரிக் கத்தினார். எனக்கு இருமல்தான் வந்தது. அப்புறம் எக்ஸ்ரே, ஸ்கேன், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி. எல்லாம் முடிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

"என்னென்ன உள்ள போச்சுன்னு மொத்தமும் சொல்லுங்க. நான் போலீஸ் இல்லீங்க," என்றார்.

சொன்னேன். தூசி, பீடி, கஞ்சா, மாத்திரை, அதில் போய்ச் சேர்ந்த ஆபரேட்டர், கடைசியாக வேப். அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், தூசியை எடுப்பதற்காக என்று. ஃப்ளஷிங் கதையை முழுக்கக் கேட்டவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதுவரைக்கும் நெறையக் காரணம் கேட்டிருக்கேனுங்க. இது புதுசு."

"சளி வருதுங்களே, டாக்டர்."

"வரும். கண்ணுல மண்ணு உழுந்தாத் தண்ணி வருதில்ல? அது கண்ணு சுத்தமாச்சுன்னு அர்த்தமா, கண்ணு எரியுதுன்னு அர்த்தமா? நீங்க உறிஞ்சறது ஆவியே இல்லீங்க. பிசுபிசுன்னு ஒரு திரவம், அதுல வாசனைக்கு ரசாயனம், நிக்கோட்டின். உள்ள ஒரு கம்பி சூடாகுது, அதுலருந்து உலோகத் துணுக்கு. அத்தனையும் சேந்த பனி. அது தூசிய அள்ளறதில்ல. தூசி ஏற்கெனவே புண்ணாக்குன எடத்துல போய்ப் படியுது."

"நெஞ்சு தெறந்துக்கற மாதிரி இருக்குதுங்களே?"

"அது புதினாக் குளிர்ச்சி. தெறந்தாப்பல தோணும். குழாய் தெறக்கல."

பிறகு ஈசிஜித் தாளை என் பக்கம் திருப்பினார். மேலும் கீழுமாகக் கோடு. நடுநடுவே ஒரு கோடு மட்டும் அவசரப்பட்டு முன்னால் வந்து நின்றது. "ஒரு அடி முந்திக்குது பாருங்க. நிக்கோட்டின் உள்ள போறப்பெல்லாம் இதயம் வேகமா அடிக்குது, ரத்தக் குழாய் சுருங்குது, பிரஷர் ஏறுது. நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை வெரட்டுறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பீடின்னா ஒன்னு தீந்தாத் தெரியும். இது தீர்றதே தெரியறதில்ல. உங்க ஆபரேட்டர் மாத்திரையும் சேத்துப் போட்டாரு. நீங்க அதை விட்டதுனாலதான் இங்க உக்காந்து பேசறீங்க."

நுரையீரல் படத்தையும் காட்டினார். பாறைத் தூள் குத்திய இடங்களில் தழும்பு விழுந்திருக்கிறது, அது ஆறாது என்றார். அதற்கு மேல் இருக்கிற வீக்கம் வற்றும், ஆனால் நிறுத்தினால்தான். போர் வண்டிப் பக்கமே போகக் கூடாது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அக்கா மகள்தான் கேட்டாள்.

"தையில இவரு என்னயத் தூக்கோணுமுங் டாக்டர். மணவறை வரைக்கும். முடியுங்களா?"

"நீங்க எத்தனை கிலோ?"

"அதெல்லாம் கல்யாணப் பொண்ணுகிட்டக் கேக்கக் கூடாதுங்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்பத் தூக்குனா ரெண்டு பேரும் உழுவீங்க. பொங்கலுக்கு முன்ன வாங்க, பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இதை விடோணும். கொறைக்கறது இல்லீங்க, விடறது."

அக்கா மகள் கைப்பையைத் திறந்து அந்த நீலக் குழாயை மேசைமேல் வைத்தாள். டாக்டர் டிராயரை இழுத்தார். உள்ளே அதே மாதிரி இன்னும் கிடந்தன, மஞ்சள், ரோஸ், பச்சை என்று, ஸ்கூல் பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனா டப்பா மாதிரி. "எல்லாம் காலேஜ் பசங்களுதுங்க," என்று சொல்லி என்னுடையதையும் அதில் போட்டு மூடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். எல்லா இடத்திலும் நாங்கள் ஃப்ளஷிங் செய்வதில்லை. மேல்மண் பொதபொதவென்று இருந்தால் முதலில் கேசிங் பைப்பை இறக்க வேண்டும். பைப் இல்லாமல் அந்த மண்ணில் காற்றை விட்டால் சுவர் சரிந்து குழியே மூடிப்போகும். இது எங்கள் வண்டியில் புதிதாகச் சேர்கிற பையனுக்கும் தெரியும். நெஞ்சுக்குள் இருப்பது பாறையா என்ன? அங்கே யார் கேசிங் இறக்கினார்கள்? எனக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் நான் ஏமாந்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு உதவியது. பயத்தை விட அதிகமாக உதவியது.

அக்கா வீட்டிலேயே தங்கினேன். ஒரே சுவரைத் தினமும் பார்த்தேன். முதல் வாரம் மோசம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், காலியாகத் திரும்பும். தூக்கம் இல்லை. சோற்றில் உப்பு இல்லை என்று அக்காவிடம் கத்தினேன், உப்பு இருந்தது. வேப் ஆசையை அடக்க டாக்டர் கொடுத்த சூயிங்கத்தை மென்றேன், அதன் அளவைக் குறைக்கச் சொன்னபோது தோட்டத்தில் கொப்பரை காய்கிற களத்திலிருந்து ஒரு துண்டு தேங்காய்ப் பருப்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். வாய்க்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது. உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம் வந்ததுதான் மிச்சம்.

நடக்கச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்துக் கேட் வரைக்கும் நடந்தேன், நின்று நின்று. பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும். கார்த்திகை மழையில் குடையோடு நடந்தேன். நிற்கிற இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மார்கழியில் மச்சான் மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கத்திலிருந்து சிறிய புண்ணாக்கு மூட்டை ஒன்றை எடுத்து, பெண்ணை ஏந்துகிற மாதிரியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு களத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் நாள் திரும்பிப் பார்த்தால் மச்சானின் செவலை மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு என் பின்னாலேயே வருகிறது, புண்ணாக்கு வாசத்துக்கு.

மச்சான் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்தார். "ஏனுங் மாப்ளே, பொண்ணழைப்பா? தோழிப்பொண்ணு நொம்ப லட்சணமா இருக்குதுங்."

"சிரிக்காதீங்க மச்சான், மூச்சு போயிருமுங்."

"சிரிக்கலீங். மாட்டுக்கு ஒரு மாலை போட்டுடட்டுமான்னு கேட்டேன்."

அவர் கேலி செய்தாலும் மறுநாள் கொஞ்சம் பெரிய மூட்டை ஒன்று நான் எடுக்கிற இடத்தில் தயாராக இருந்தது. மாட்டை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் எங்கள் வண்டி பக்கத்துத் தோட்டத்துக்குக் குழி போட வந்தது. பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாடியெல்லாம் வெள்ளைத் தூள். புது ஆபரேட்டர் தன் வேப்பை என் பக்கம் நீட்டினான். புதினா வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு நாக்கு ஊறியது. மறைக்க என்ன இருக்கிறது, ஊறியது.

"வாங்கண்ணா, ஒரு ஃப்ளஷிங். இந்த சீசன் நீங்க இல்லாம வண்டியே ஓடல."

"வேண்டாந் தம்பி. கேசிங் இல்லாத குழியில ஃப்ளஷிங் போடுவியா நீ?"

"போட மாட்டேன்."

"அப்ப நெஞ்சுக்கு எதுக்குப் போடற?"

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். இன்னொருவன், "அண்ணன் டாக்டராயிட்டாரு, ஊசி போடறதுக்குள்ள ஓடுங்கடா," என்றான். சிரித்தார்கள். பழைய ஆபரேட்டர் எப்படிச் செத்தார் என்று ஒருதரம் சொன்னேன். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக டீ கிளாசைக் கீழே வைத்தார்கள். குழிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ஓட்டினால் தூசி அடங்கும், துண்டையாவது நனைத்துக் கட்டுங்கள் என்றேன். சரிண்ணா என்றார்கள். கேட்பார்களா என்று தெரியாது. கம்ப்ரசர் சத்தம் எழுவதற்குள் நான் வரப்பில் ஏறிவிட்டேன். காலில் அரிப்பு இருந்தது. அதற்காக நிற்கவில்லை.

மறுபடி ஊதிக் காட்டியபோது நர்ஸ் அவ்வளவு கத்த வேண்டியிருக்கவில்லை. டாக்டர் புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முந்திக்கொண்ட அடி இந்தத் தாளில் இல்லை.

"இதயம் ஒழுங்குக்கு வந்துருச்சுங்க. நுரையீரல் பலம் கொஞ்சந்தான் ஏறியிருக்குது. தழும்பு எடுத்துக்கிட்டதைத் திருப்பித் தராது. மிச்சம் இருக்கறதை வெச்சுத் தூக்கிக்குங்க. மூச்சு முட்டுனா நின்னு, உதட்டைக் குவிச்சு, சூடான டீய ஊதற மாதிரி மெதுவா ஊதுங்க. நடுவுல நின்னா ஆரும் ஃபைன் போட மாட்டாங்க."

அக்காவிடம் வந்து, நானே தூக்குகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்க் காப்பி போட்டாள். சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது.

கல்யாண மண்டபத்தில் ஒன்றை யாரும் யோசித்திருக்கவில்லை. பெண் அறை மாடியில் இருந்தது. நான் பழகியதெல்லாம் சமதளத்துக் களம். முகூர்த்தத்துக்கு முன்னால் நான் மேலே போய்ச் சேர்ந்தபோதே மூச்சு வாங்கியது. கீழே படிக்கட்டு முடிகிற இடத்தில் அன்னூர் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தயாராக நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவராக வந்து நின்றார்.

அக்கா மகள் மாலையும் நகையுமாக என்னைப் பார்த்தாள். "படி நா நடந்தே எறங்கிக்கறனுங் மாமா. கீழ போய்த் தூக்குங்க. ஆராச்சும் கேட்டா, படியில பொண்ணத் தூக்கக் கூடாதுன்னு சாஸ்திரம்ன்னு சொல்லிப்போடலாம்."

"அப்படியொரு சாஸ்திரம் இருக்குதா?"

"இன்னைக்கிருந்து இருக்குதுங்."

இருவரும் ஒன்றாக இறங்கினோம், என் கையை அவள் பிடித்திருந்தாள். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசிப் படியில் நின்று மூச்சைச் சரிபண்ணிக்கொண்டு அவளை ஏந்தினேன். பட்டும் பொன்னும் மாலையுமாகப் புண்ணாக்கு மூட்டையை விட நிறையவே கனம். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கூட்டம் வழிவிட்டது. மேளம் கெட்டியாக ஏறியது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மணவறை தெரிந்தது, வாழைமரமும் பூவும். அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மணவறைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பழைய இறுக்கம் வந்தது. இழுக்கிறேன், வரவில்லை. நின்றேன்.

மேளத்தை மீறி ஒரு குரல், "மாமனுக்கு டீசல்..." என்று ஆரம்பித்தது. "வாய மூடுங்," என்று அன்னூர் அண்ணன் அதட்டினார். அவர் என் பக்கத்திலேயே வந்திருந்தார். கையை நீட்டவில்லை. நீட்டினால் நான் கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அய்யர் நேரமாகிறது என்று சைகை காட்டினார். நான் அவளை இறக்கவில்லை. உதட்டைக் குவித்தேன். டீயை ஊதுகிற மாதிரி ஊதினேன். மறுபடி ஊதினேன். அவள் நெற்றிச்சுட்டி அந்தக் காற்றில் ஆடியது.

"மாமா," என்று காதருகே மெதுவாகச் சொன்னாள். "பயப்படாதீங்க. உங்க நெஞ்சு என்ற தோள்ல அடிக்குது. சத்தமாத்தான் அடிக்குது, ஆனா ஒன்னு கூட முந்திக்கலீங். நா எண்ணிக்கிட்டேதான் வாரேன்."

காற்று உள்ளே வந்தது, பாதி. பாதி போதும். மணவறையைச் சுற்றினேன், அவளை மணையில் உட்கார வைத்தேன், மாலையைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தேன். அன்னூர் அண்ணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டார். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் நான் உட்காரவில்லை.